வாடகையா, போக்கியமா, லீஸா: மலையில் வீடு பிடிக்கும்முன் பார்க்க வேண்டியவை

குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கமோ கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கமோ டீக்கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: "2 பெட்ரூம், தண்ணீர் வசதி, லீஸ் 8 லட்சம், 3 வருஷம்." படிப்பவர்களுக்குப் பொருள் தெரியும். எட்டு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து மூன்று வருஷம் வாடகையில்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது எட்டு லட்சமும் திரும்ப வரும். நீலகிரியில் இதைப் போக்கியம் என்பார்கள். கொடைக்கானல், பழனி மலைப்பக்கம் ஒத்தி. புரோக்கர் வாயில் இரண்டுமே லீஸ்.

சட்டத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு உறவுகள் இருக்கின்றன. வீட்டுக்காரர் வீட்டையே ஈடாகக் காட்டி உங்களிடம் கடன் வாங்கி, வட்டிக்குப் பதில் குடியிருக்கும் உரிமையைக் கொடுத்தால் அது சுவாதீன அடமானம். வெறும் டெபாசிட் வாங்கிக்கொண்டு குடியிருக்க விட்டால் அது குத்தகை, அதாவது வாடகை உறவு. முதலாவதில் உங்கள் எட்டு லட்சத்துக்கு வீடு ஈடு. இரண்டாவதில் வீட்டுக்காரரின் வார்த்தை மட்டும்தான் ஈடு. வீடு கைமாறும்போதும், வங்கி ஏலத்துக்கு வரும்போதும், வீட்டுக்காரர் காலமானபின் பிள்ளைகள் பங்கு பிரிக்கும்போதும் இந்த வித்தியாசம் எட்டு லட்சம் ரூபாய் பெறும். எந்தப் பேரில் பேசினார்கள் என்பதைவிட எந்தக் காகிதத்தில் எழுதினார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் கணக்கு

ஒரே வீடு மாத வாடகைக்கு 9,000, போக்கியத்துக்கு 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு லட்சம் பிக்சட் டெபாசிட்டில் 7 சதவீதத்துக்கு இருந்தால் வருஷத்துக்கு 56,000, மாதத்துக்கு சுமார் 4,670 ரூபாய் வட்டி. போக்கியத்துக்குக் கொடுத்தால் அதை இழக்கிறீர்கள். பத்திரத்தை முறையாகப் பதிந்தால் முத்திரைத் தீர்வை 4 சதவீதம் (32,000), பதிவுக் கட்டணம் 1 சதவீதம் (8,000), ஆக 40,000. மூன்று வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 1,110. மொத்தம் மாதத்துக்கு 5,780 ரூபாய் அடக்கம். வாடகைக்குப் போனால் 9,000, மூன்று மாத அட்வான்ஸ் 27,000 முடங்குவதால் போகும் வட்டி ஒரு 157 ரூபாய்.

ஆக, போக்கியத்தில் மாதம் 3,380 ரூபாய் மிச்சம், மூன்று வருஷத்தில் ஒரு லட்சத்து இருபத்தோராயிரத்துச் சொச்சம். நல்ல தொகைதான், எட்டு லட்சமும் பத்திரமாகத் திரும்பினால்.

அந்த எட்டு லட்சம் கையில் இல்லாமல் 11 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் கணக்கு தலைகீழ். வட்டி மாதம் 7,330, பதிவுச் செலவு 1,110, ஆக 8,440. மிச்சம் எழுநூற்றுச் சொச்சம் ரூபாய். அதற்காக நகையை வங்கியில் வைத்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடக்க வேண்டியதில்லை. வாடகைக்கே போய்விடலாம்.

முதலீடாகப் பார்ப்பவர்களும் உண்டு. எட்டு லட்சத்துக்குப் போக்கியம் எடுத்து, அதே வீட்டை 9,000-க்கு வாடகைக்கு விட்டால் வருஷம் 1,08,000, அதாவது 13.5 சதவீதம். சுவாதீன அடமானத்தில் சொத்தின் வருமானத்தை அனுபவிக்கும் உரிமை அடமானம் பிடித்தவருக்கு உண்டு என்பதால் இது சட்டப்படியும் நடக்கும், பத்திரத்தில் "சொந்தக் குடியிருப்புக்கு மட்டும்" என்று எழுதாதவரை. ஆனால் வங்கி 7 கொடுக்கும் இடத்தில் ஒருவர் 13.5 கொடுக்க ஒப்புக்கொள்கிறார் என்றால், அவருக்கு ஏன் வங்கி கடன் கொடுக்கவில்லை என்று ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் வேண்டும். பெரும்பாலும் பழைய போக்கியக்காரருக்குக் கொடுக்கவே உங்கள் பணம் போகும். உங்களுக்குத் திரும்பி வருவதும் அடுத்து வருபவர் பணத்திலிருந்துதான்.

அதனால் கெடு தேதி முக்கியம். மலையில் ஆவணி, ஐப்பசி மழையில் வீடு பார்க்க ஆள் வருவது குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு வரும் பெற்றோர், இடமாறுதலில் வரும் ஊழியர்கள் என்று ஆள் நடமாட்டம் இருக்கும். போக்கியக் கெடு மே மாதத்தில் முடிகிறமாதிரி வைத்தால் வீட்டுக்காரருக்கு அடுத்த ஆள் கிடைக்கும், உங்கள் பணம் நகரும். நவம்பரில் முடியும் கெடு, தள்ளிப்போவதற்கென்றே எழுதிய கெடு.

நூறு ரூபாய்ப் பத்திரம்

புரோக்கர் சொல்வது இப்படித்தான் இருக்கும்: "அண்ணா, பதிவுக்குப் போனா நாப்பதாயிரம் சும்மா போயிரும்ணா. வீட்டுக்கார ஐயா தங்கமான மனுசன். நூறு ரூபா பத்திரத்துல எழுதி, நோட்டரி சீல் வாங்கிக்கலாம்."

வேண்டாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவுப்படி நூறு ரூபாய்க்குக் குறையாத தொகைக்கான அடமானம், உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்துச் செய்யும் அடமானம் நீங்கலாக, பதிவு செய்த பத்திரத்தின் மூலம்தான் செல்லும். எழுதிக்கொடுப்பவர் கையெழுத்தும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். நோட்டரி சீல் பதிவுக்கு ஈடாகாது. பதியாத போக்கியம் வீட்டின்மேல் எந்தப் பிடியையும் தராது. வில்லங்கச் சான்றில் அது தெரியாது என்பதால் அதே வீட்டை வேறொருவருக்கு விற்கவும், வங்கியில் வைக்கவும், இன்னொரு போக்கியக்காரரிடம் கொடுக்கவும் தடையில்லை. கோர்ட்டுக்குப் போனால் அந்தக் காகிதத்தைச் சாட்சியமாகக் காட்டவே குறைவான தீர்வையும் அதன் பத்து மடங்கு வரை அபராதமும் கட்டச் சொல்வார்கள். கடைசியில் அது சாதாரணக் கைமாற்றுக் கடனாக நின்றுபோகும், வழக்குப் போட மூன்று வருஷம்தான் காலம். பதிந்த அடமானத்தில் அடமானத் தொகையை வசூலிக்கப் பன்னிரண்டு வருஷம் உண்டு.

பதிந்தும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு, பத்திர எழுத்தர்களே பல சமயம் கவனிப்பதில்லை. சுத்தமான சுவாதீன அடமானத்தில் பணம் திரும்பாவிட்டால் சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவரும்படி வழக்குப் போட முடியாது என்கிறது 67-ஆம் பிரிவு. வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். பிள்ளையின் படிப்பு முடிந்து கோயம்புத்தூர் இறங்கவேண்டிய குடும்பத்துக்கு அந்த உரிமையால் என்ன லாபம்? இதற்கு மருந்து பத்திரத்தில் இரண்டு வரிதான்:

"கெடு தேதியில் மேற்படி எட்டு லட்சம் ரூபாயை நானும் என் வாரிசுகளும் சொந்தப் பொறுப்பில் தங்களுக்குத் திருப்பிச் செலுத்துவோம். தவறினால் தாங்கள் கோர்ட் மூலம் மேற்படி சொத்தை விற்பனைக்குக் கொண்டுவந்து தொகையை வசூலித்துக்கொள்ள வேண்டியது."

தனிப்பட்ட பொறுப்பை ஏற்கும் இந்த வாசகம் இருந்தால் பணத்துக்கும் வழக்குப் போடலாம், சொத்தின்மேலும் போகலாம். வீட்டுக்காரர் இதற்கு முகம் சுளித்தால் அந்தச் சுளிப்பே ஒரு தகவல்.

கெடுவே இல்லாத போக்கியம் இன்னொரு வகைச் சிக்கல். "இருக்கிறவரை இருங்க" என்று எழுதியதை, வீடு தமக்கே ஆகிவிட்டதாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். கெடுவில்லாத சுவாதீன அடமானத்தை மீட்கக் காலவரம்பே கிடையாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எத்தனை வருஷம் ஆனாலும் வாரிசுகள் பணத்தோடு வந்து வீட்டைக் கேட்கலாம்.

பதியுமுன் வில்லங்கச் சான்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் முப்பது வருஷத்துக்காவது இழுத்துப் பார்ப்பது நல்லது. வங்கிகள் உரிமைப் பத்திரங்களை வாங்கி வைத்துக் கடன் கொடுக்கும்போது போடும் ஆவணம் தமிழ்நாட்டில் பதிவாகிறது, அதனால் சான்றில் தெரியும். தெரியாதது, தனியார் ஒருவரிடம் மூலப்பத்திரத்தைக் கொடுத்து வாய்ச்சொல்லில் வாங்கிய கடன். அதற்கு ஒரே வழி மூலப்பத்திரத்தை நேரில் பார்ப்பது. "லாக்கர்ல இருக்குங்க, அப்புறம் எடுத்துக் காட்டுறேன்" என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். முடிந்தால் கெடு முடியும்வரை மூலப்பத்திரம் உங்கள் கையில் இருக்கட்டும், ஒப்படைத்ததையும் பத்திரத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே வங்கி அடமானம் இருக்கும் வீட்டில் போக்கியம் எடுத்தால் ஏலத்தில் வங்கிக்குப் போக மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு.

எழுதிக்கொடுப்பவர் யார் என்பதும் மலையில் தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஹட்டிகளில், அதாவது நீலகிரியின் படகர் ஊர்களில், கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி, சில சமயம் பெரியப்பா மக்கள் என்று நாலைந்து பேர் இருப்பார்கள். அக்கா தங்கைகளுக்கும் பங்கு உண்டு. குடியிருப்பவர் ஒருவர் மட்டும் எழுதிக்கொடுத்தால் அவர் பங்கு மட்டுமே ஈடாகும். பவர் ஏஜென்ட் எழுதிக்கொடுத்தால் அந்தப் பவரில் அடமானம் வைக்கும் அதிகாரம் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்தவர் காலமானால் சாதாரணப் பவரும் அதோடு முடிந்தது.

பணத்தை வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடனோ டெபாசிட்டோ வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு. அபராதம் வாங்கியவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே வரலாம். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே விதிதான்.

நிலத்தின் கதை

கூடலூர், பந்தலூர் பக்கம் கட்டடம் நன்றாக இருக்கும், காலடி நிலத்துக்குக் காகிதம் இருக்காது. 1969-ஆம் வருஷத்து சன்ம நில (பரம்பரை ஜன்மிகளிடம் இருந்த நில) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களின் விவகாரம் பல பத்தாண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. பட்டா இல்லாத வீட்டைப் போக்கியத்துக்கு எடுப்பது வெறும் நம்பிக்கைக் கடன்தான். மாத வாடகைக்கு மட்டும் போகலாம். அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா வீடுகளும் அப்படியே. பட்டாவில் உள்ள நிபந்தனை அடமானத்தைத் தடுக்கிறதா என்று படிக்காமல் போகக்கூடாது.

கட்டட அனுமதி இன்னொன்று. கொடைக்கானலில் 2019-இல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் அனுமதியில்லாத வணிகக் கட்டடங்களைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். உள்ளே இருந்த வாடகைதாரர் போட்ட அலங்காரமும் கட்டில் மெத்தையும் சீலுக்குள்தான். மலைப்பகுதிக்கெனத் தனிக் கட்டட விதிகள் 1993 முதல் இருக்கின்றன. அனுமதி வரைபடத்தில் எத்தனை தளம், வீடா கடையா என்று பார்த்து, நேரில் நிற்கும் கட்டடத்தோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் ஒரு தளம், நேரில் மூன்று என்றால் மேலே உள்ள இரண்டையும் எடுக்காமல் இருப்பது உத்தமம்.

பாதையும் தண்ணீரும் பத்திரத்தில் வரவேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் மண்பாதை யாருடையது? வழிப்பாத்தியதை எழுத்தில் இருக்கிறதா? ஊற்றுத் தண்ணீரில் பங்கு உண்டா, கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவு யாருக்கு?

மாத வாடகை: சிறிய பணம், சிறிய ஆபத்து

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி நகர்ப்புறங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் இணையவழி பதியவும் வேண்டும். அந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். பதினோரு மாத ஒப்பந்தமென்றால் எதுவும் பதிய வேண்டியதில்லை என்ற பழைய நம்பிக்கை பாதிதான் சரி. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கட்டாயம். வாடகை அதிகாரியிடம் பதிவதற்குப் பதினோரு மாத விலக்கு கிடையாது. பதியாத ஒப்பந்தத்தைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் உரிமை கோருவது கஷ்டம். இரண்டு தரப்பும் சேர்ந்து பதியலாம், ஒருவர் இழுத்தடித்தால் மற்றவர் தனியாகவும் தகவல் கொடுக்கலாம்.

டெபாசிட் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் சொல்கிறது, வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால். அந்தக் கடைசி மூன்று சொற்கள்தான் பத்து மாத அட்வான்சுக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. பேரம் பேசும்போது மூன்று மாதத்தில் தொடங்குங்கள். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் கழிவு போக மிச்சத்தைத் திருப்ப வேண்டும்.

மலையில் அந்தக் கழிவில்தான் சண்டை வருகிறது. மழைக்காற்று அடிக்கும் பக்கச் சுவரில் ஓதம் ஏறி, பெயின்ட் உரிந்து, அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூசணம் பிடிக்கும். குடியிருந்தவர் ஜன்னலைத் திறக்காததால் வந்தது என்பார் வீட்டுக்காரர். கட்டும்போதே ஓதத்தடை போடவில்லை என்பார் குடியிருந்தவர். குடிபோகும் அன்றே சுவர் சுவராக வீடியோ எடுத்து, அதை வீட்டுக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். தேதியோடு நிற்கும். முடிந்தால் வீட்டை மழைநாளில் பாருங்கள். ஏப்ரலில் பார்த்து மயங்கிய வீடு ஜூலையில் ஒழுகும்.

யார் எதைப் பழுதுபார்ப்பது என்பதற்கு அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ஒரு பட்டியல் தருகிறது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய், வயரிங் வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், சாக்கடை சுத்தம் போன்றவை குடியிருப்பவருக்கு. சமவெளியில் இது சாதாரணப் பிரிவினை. சரிவில் கட்டிய வீட்டில் அப்படியில்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள வடிகாலில் சருகும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் தடுப்புச் சுவருக்குப் பின்னால் தேங்கும். சுவரில் விட்டிருக்கும் நீர்வடியும் துளைகளும் அடைந்திருந்தால் மண் ஊறி, பாரம் ஏறி, சுவர் வெளியே தள்ளும். சுவர் கட்டமைப்பு, அது வீட்டுக்காரர் பொறுப்பு. வடிகால் சுத்தம் உங்கள் பொறுப்பு. சுவர் விழுந்தபின் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் கை நீட்டுவார்கள். "தடுப்புச் சுவர், அதன் பின்புற வடிகால் பராமரிப்பு வீட்டுக்காரருடையது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

போக்கியத்தில் இந்த வரி இன்னும் அவசியம். சுவாதீனத்தில் இருக்கும் அடமானதாரர்தான் வருமானத்திலிருந்து அவசியப் பழுதுகளைப் பார்க்க வேண்டும், அரசு வரிகளைக் கட்ட வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு, மாற்றி எழுதாவிட்டால், பாரத்தை உங்கள் பக்கம் சாய்க்கிறது. வீட்டு வரி வீட்டுக்காரருக்கு, கரண்ட் பில் குடியிருப்பவருக்கு என்ற ஊர் வழக்கத்தை எழுத்தில் போடுங்கள்.

மண் சரிந்து வீடே போனால்? 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, உதகை பக்கம் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது வீண் கற்பனை இல்லை. வீடு இடிந்து குடியிருக்க முடியாமல் போனால் குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு அதே சட்டத்தின் 108-ஆம் பிரிவில் உண்டு. போக்கியத்தில் ஈடு அழிந்தால் வேறு ஈடு தரும்படி கேட்டு, தராவிட்டால் அடமானப் பணத்துக்கு வழக்குப் போட 68-ஆம் பிரிவு வழி விடுகிறது. ஆனால் வீடும் போன மனிதரிடம் எட்டு லட்சத்தை எங்கிருந்து வசூலிப்பது? சரிவான இடத்தில் நிற்கும் வீட்டுக்குப் போக்கியம் எடுக்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

வாடகையில் ஒரு தொல்லை உண்டு, சீசன். மார்ச் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தால், ஏப்ரல், மே இரண்டு மாதம் சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் ஆசை வீட்டுக்காரருக்கு வரும். ஒப்பந்தம் ஜூன், ஜூலையில் முடிகிற மாதிரி வையுங்கள். போக்கியத்துக்கு மே, வாடகைக்கு ஜூலை. தண்ணீரையோ கரண்டையோ துண்டித்துக் காலி செய்ய வைப்பது சட்டவிரோதம், வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து இணைப்பைத் திரும்பப் பெறலாம்.

பதிந்த குத்தகை: கடைக்கும் காட்டேஜுக்கும்

சாக்லேட் கடை, பேக்கரி, காட்டேஜ் என்று பணம் போட்டுத் தொழில் செய்பவருக்குப் போக்கியமும் பொருந்தாது, பதினோரு மாதமும் பொருந்தாது. அலமாரி, அடுப்பு, பெயின்ட் என்று ஐந்து லட்சம் போட்டபின், கடை ஓடுவதைப் பார்த்து வீட்டுக்காரர் மைத்துனருக்குக் கேட்பார். மூன்று அல்லது ஐந்து வருஷக் குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிந்து, இன்ன தேதிவரை இருவரும் முறிக்கக்கூடாது என்று எழுதுங்கள். வருஷாவருஷம் எத்தனை சதவீதம் ஏற்றம் என்பதும் இப்போதே வரட்டும்.

முப்பது வருஷத்துக்குக் குறைந்த குத்தகைக்குத் தீர்வை மொத்த வாடகையும் அட்வான்சும் சேர்ந்த தொகைக்கு 1 சதவீதம், பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 20,000. மாதம் 15,000 வீதம் மூன்று வருஷம் 5,40,000, அட்வான்ஸ் 1,00,000, ஆக 6,40,000. தீர்வை 6,400, கட்டணம் 6,400. போக்கியத்தின் நாற்பதாயிரத்தோடு ஒப்பிட்டால் மலிவுதான். இதனாலேயே எட்டு லட்சப் போக்கியத்தைப் பெயரளவு வாடகையுள்ள குத்தகை என்று எழுதிப் பதினாறாயிரத்துச் சொச்சத்தில் பதிகிறவர்கள் இருக்கிறார்கள். பதிவுச் செலவில் இருபத்துமூவாயிரம் மிச்சமாகும், எட்டு லட்சத்துக்கான ஈடு போய்விடும். வீடு விற்பனையானால் குத்தகை புது உரிமையாளரையும் கட்டும், டெபாசிட்டைத் திருப்பும் பொறுப்பு யாருடையது என்பதில் மட்டும் வழக்கு நடக்கும்.

காட்டேஜ் நடத்துபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஹோம்ஸ்டே என்பதன் அடிப்படையே வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே வசிப்பது. பிறர் வீட்டைக் குத்தகைக்கு எடுத்து முழுதாக நாள் வாடகைக்கு விடுவது விடுதித் தொழில், அதற்கான அனுமதிகள் வேறு. அடுத்தது கரண்ட். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்குக் கட்டணத்தில், எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்கு மதிப்பீடு போடுவார்கள். பில் வீட்டுக்காரர் பேரில் வரும், அவர் அட்வான்சில் கழிப்பார். இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றித் தருவது யார் பொறுப்பு என்று எழுதாமல் திறப்பு விழா வைக்காதீர்கள்.

நகராட்சிக் கடையை உள்வாடகைக்கு எடுப்பது பற்றிச் சுருக்கமாக: வேண்டாம். உங்களுக்கும் நகராட்சிக்கும் எந்த உறவும் இல்லை. ஏலம் எடுத்தவர் பாக்கி வைத்தால் சீல் விழுவது உங்கள் சரக்கின்மேல்.

பாதிப் போக்கியம், பாதி வாடகை என்று ஒன்று உண்டு. மூன்று லட்சம் கொடுத்து மாதம் நாலாயிரம். எழுத்தில் இது பெரும்பாலும் பெரிய அட்வான்ஸ் உள்ள வாடகையாகவே நிற்கும். மூன்று லட்சத்தை இழந்தாலும் தாங்கும் என்றால் எடுங்கள். தாங்காது என்றால் மூன்று லட்சத்துக்கும் அடமானமாகவே எழுதிப் பதியுங்கள், செலவு பதினைந்தாயிரம்.

எங்கள் கணிப்பு இது. இரண்டு வருஷத்துக்குள் இடம் மாறக்கூடியவர்கள் வாடகைக்குப் போகலாம், பதிவுச் செலவு போக்கியத்தின் மிச்சத்தில் நல்ல பங்கைத் தின்றுவிடும். மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கப்போகிற, சொந்தப் பணம் உள்ள, தெளிவான பட்டாவும் ஒரே உரிமையாளரும் உள்ள வீடு கிடைத்தவர்கள் பதிந்த போக்கியம் எடுக்கலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாடகைதான்.

பணம் திரும்பும் நாள்

போக்கியத்தில் கடைசி நாளை முதல் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். சாவியை முதலில் கேட்பார்கள். "புதுசா வர்றவங்களுக்கு வீட்டைக் காட்டணும், நாளைக்குப் பணம்" என்பார்கள். பணம் வரும்வரை வீட்டில் இருக்கும் உரிமைதான் சுவாதீன அடமானத்தின் உயிர். சாவி போனால் அதுவும் போனது. வீடு காட்டவேண்டுமானால் நீங்கள் இருக்கும்போதே காட்டலாம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: கெடுவுக்கு மூன்று மாதம் முன்பு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம். குறித்த நாளில் இரண்டு தரப்பும் சார்பதிவாளர் அலுவலகத்தில். வீட்டுக்காரர் டிமாண்ட் டிராப்ட் கொண்டுவர வேண்டும், அல்லது அங்கேயே வங்கி மாற்றம் செய்து உங்கள் கணக்கில் விழுந்த குறுஞ்செய்தி வரவேண்டும். அதன்பின் அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள், அது பதிவாகிறது. மூலப்பத்திரம் உங்களிடம் இருந்தால் அப்போது ஒப்படைத்து எழுதி வாங்குங்கள். கடைசி கரண்ட் பில்லைக் கட்டிய ரசீதைக் காட்டி, மீட்டர் எண்ணைப் படம் எடுத்து, அதற்குப் பிறகு சாவி.